பழைய ஜப்பானிய வாள்: முதன்முறை வாங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டோக்கியோவுக்கு வேலைக்கு வந்தபின், ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோகாமல் வாள் பார்க்கத் தொடங்கியவன் நான். இப்போது வீட்டில் மூன்று வாள்கள் இருக்கின்றன. நஷ்டத்துக்கு விற்றுத் தலைமுழுகியவை இரண்டு. நண்பர்களும் நண்பர்களின் நண்பர்களும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால் பதில்களை இங்கே சேர்த்து எழுதிவைக்கிறேன்.

முதல் வாள் எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும்?

சாதுவானதாக. பெரிய பெயரோ, தங்க வேலைப்பாடோ, போரில் பட்ட வெட்டுத் தழும்போ எதுவும் வேண்டாம். நடுத்தரக் கொல்லர் ஒருவர் எடோ காலத்தில் (1603–1868) அடித்த, உடம்பில் குறையில்லாத, மெருகு குலையாத, சான்றிதழோடு வரும் ஒரு வகிஸாஷி (நடுத்தர நீள வாள்) போதும்.

முதல் வாள் உங்களுக்குப் பாடப்புத்தகம். துருவேறிய வாளை மலிவாக வாங்கினால் அதில் பார்க்க வேண்டிய எதுவுமே கண்ணுக்குத் தெரியாது. எழுத்து அழிந்துபோன புத்தகத்தை வைத்துக்கொண்டு யார் எழுத்துக் கற்றுக்கொள்வார்? ஆனாலும் பத்தில் எட்டுப் பேர் அந்தத் துருவேறிய வாளைத்தான் முதலில் வாங்குகிறார்கள். நானும் அந்த எட்டில் ஒருவன்.

கத்தானா, தாச்சி, வகிஸாஷி, தாந்தோ: என்ன வித்தியாசம்?

பெரும்பாலும் நீளம். ஜப்பானிய அளவான ஷாக்கு ஏறக்குறைய 30.3 செ.மீ. ஒரு ஷாக்குக்குக் குறைந்தால் தாந்தோ, ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடைப்பட்டது வகிஸாஷி, இரண்டு ஷாக்குக்கு, அதாவது 60.6 செ.மீ.க்கு, மேற்பட்டது கத்தானா. தாச்சி அதற்கும் முந்தைய வடிவம். குதிரைமேல் போரிட்டவர்கள் வாய் (கூரான விளிம்பு) கீழ்நோக்கி இருக்க இடுப்பில் தொங்கவிட்டது அது. கத்தானாவை வாய் மேல்நோக்கி இருக்கக் கச்சையில் செருகுவார்கள். கொல்லர்கள் பொதுவாக, அணிந்தால் வெளிப்புறம் வரும் பக்கத்தில்தான் பெயரைப் பொறித்தார்கள். அதனால் பெயர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தே இது தாச்சியா கத்தானாவா என்று ஓரளவு ஊகிக்கலாம்.

எவ்வளவு பணம் வேண்டும்?

தோராயமாகச் சொல்கிறேன், ஆண்டுக்காண்டு மாறும். நல்ல நிலையில், அடிப்படைச் சான்றிதழோடு வரும் வகிஸாஷிக்கு இரண்டு முதல் ஐந்து லட்சம் யென். அதே தரத்தில் கத்தானா என்றால் ஐந்து முதல் பத்து லட்சம். அதற்குமேல் வானமே எல்லை. இரண்டும் ஒரே கொல்லர் கைவேலையாக இருந்தாலும் நீளத்துக்காகவே கத்தானாவுக்கு விலை ஏறும். கற்றுக்கொள்ள வாங்குபவருக்கு அந்த முப்பது செ.மீ. அத்தனை முக்கியமா என்று யோசியுங்கள்.

வாளில் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

பிடியைக் கழற்றச் சொல்லி, அதற்குள் ஒளிந்திருக்கும் காம்பை. ஜப்பானிய மொழியில் இது நகாகோ. பிடியையும் காம்பையும் இணைப்பது மெகுகி என்ற ஒரு சிறிய மூங்கில் ஆணி மட்டுமே. அதைத் தட்டி எடுத்தால் பிடி தனியே வந்துவிடும். கழற்றிக் காட்ட மாட்டேன் என்று சொல்லும் விற்பனையாளருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

கொல்லர் பெயர், தேதி, அரம் ராவிய கோடுகள், ஆணித் துளைகள் எல்லாம் காம்பில்தான் இருக்கும். அலகைக் காலங்காலமாக மெருகிட்டிருப்பார்கள். காம்பை யாரும் மெருகிடுவதில்லை. நூற்றாண்டுகளாக அதில் படிந்த துரு கரும்பழுப்பாக, தொட்டால் வழுவழுவென்று இருக்கும். வாளின் வயதைச் சொல்வதில் அந்தத் துருவுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆரஞ்சு நிறத்தில் பொருபொருவென்று உதிரும் துரு என்றால் அண்மையில் ஈரம் பட்டிருக்கிறது, அல்லது யாரோ அவசர அவசரமாகப் 'பழசாக்கி' இருக்கிறார்கள்.

நீங்களும் வாங்கிய பிறகு காம்பைச் சுத்தம் செய்யவே கூடாது. உப்புத்தாளோ புளியோ வேண்டாம், எண்ணெய் போட்டுத் தேய்ப்பதும் வேண்டாம். ஐந்து நிமிடச் சுறுசுறுப்பில் ஐந்நூறு வருடச் சாட்சி போய்விடும்.

கொல்லர் பெயர் பொறித்திருக்கிறது. அப்படியானால் அசல்தானே?

முதல் வாள் வாங்குபவர் விழும் ஆழமான குழி இதுதான். போலிப் பெயருக்கு ஜப்பானில் கிமெய் என்று தனிச் சொல்லே உண்டு. அந்த அளவுக்கு அது சகஜம். வாள் பழசுதான், ஜப்பானில் அடித்ததுதான், ஆனால் பெயர் மட்டும் பொய். இந்த ஏமாற்றும் இன்று நேற்றுத் தோன்றியதல்ல. எடோ காலத்தில் பிரபுக்கள் ஒருவருக்கொருவர் வாளைப் பரிசளிப்பது வழக்கம். பெரிய பெயருக்குத் தேவை இருந்தது, தேவைக்கேற்ப உளி பிடிக்கவும் ஆள் இருந்தது.

17ஆம் நூற்றாண்டில் எடோவில் (இன்றைய டோக்கியோ) வாழ்ந்த கொல்லர் நாகஸோனே கொதேத்ஸு அடித்த வாள்களைவிட அவர் பெயரைத் தாங்கிய போலிகள்தான் பெருகிக் கிடக்கின்றன. கொதேத்ஸு என்று கண்டால் போலி என்று நினைத்துத்தான் வாள்காரர்கள் ஆரம்பிப்பார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஷின்செங்குமி என்ற சாமுராய்ப் படைக்குத் தலைவராக இருந்த கொந்தோ இஸாமி தன் வாளைக் கொதேத்ஸு என்று பெருமையோடு சொல்லிக்கொண்டார். அதுவும் போலி என்ற கதை ஜப்பானில் எல்லோருக்கும் தெரியும். வாளே உயிராக வாழ்ந்தவருக்கே இந்தக் கதி என்றால், இரண்டு காணொளி பார்த்துவிட்டுக் கடைக்குப் போகும் நாம் எந்த மூலை?

பெயரே இல்லாத வாள் (முமெய்) என்றால் முகம் சுளிக்க வேண்டியதில்லை. காமகுரா, நன்போகுச்சோ காலத்து (12–14ஆம் நூற்றாண்டு) நீண்ட தாச்சிகளைப் பிற்காலத்தில் காம்புப் பக்கமாக வெட்டிக் குறுக்கினார்கள். அப்போது பெயரும் சேர்ந்து போய்விட்டது. மிகப் பெரிய வாள்கள் பல இப்படி அநாமதேயமாக இருக்கின்றன. பொய்ப் பெயர் உள்ள வாளைவிடப் பெயரில்லாத வாள் எவ்வளவோ மேல். சில உரிமையாளர்கள் போலிப் பெயரை ராவி எடுத்துவிட்டு, பெயரில்லாத வாளாகவே மறுபடி மதிப்பீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்றால் பாருங்கள்.

சான்றிதழ் என்று எதைச் சொல்கிறீர்கள்?

வாளோடு இரண்டு வகைத் தாள்கள் வரும். இவற்றைக் குழப்பிக்கொண்டு பணம் இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒன்று தோரோகுஷோ. இது அரசுப் பதிவு அட்டை, மாகாணக் கல்விக் குழு தருவது. நீளம், வளைவு, ஆணித் துளைகளின் எண்ணிக்கை, பொறித்திருக்கும் பெயர் ஆகியவை இதில் இருக்கும். பெயர் அசலா என்பது பற்றி இந்த அட்டை ஒரு வார்த்தையும் சொல்லாது. காம்பில் என்ன எழுதியிருக்கிறதோ அதை அப்படியே பார்த்து எழுதியது, அவ்வளவுதான். மாஸாமுனே என்பவர் ஜப்பானின் மிகப் புகழ்பெற்ற கொல்லர். "அரசாங்கமே மாஸாமுனே என்று எழுதிக் கொடுத்திருக்கிறது" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

மற்றொன்று மதிப்பீட்டுச் சான்றிதழ். இதில் அதிகம் நம்பப்படுவது ஜப்பானியக் கலைவாள் பாதுகாப்புச் சங்கம் (சுருக்கமாக என்.பி.டி.எச்.கே.) தருவது. 1945இல் ஜப்பான் தோற்றபோது நேசப் படைகள் வாள்களை எல்லாம் ஆயுதம் என்று பறிமுதல் செய்தன. எடோ காலத்தில் ஜப்பானை ஆண்ட தொக்குகாவா குடும்பத்தின் புகழ்பெற்ற 'ஹோன்ஜோ மாஸாமுனே' அந்த டிசம்பரில் மெஜிரோ காவல் நிலையத்தில் ஒப்படைக்கப்பட்டது. பிறகு எங்கே போனதென்று இன்றுவரை தெரியவில்லை. கலைப்பொருளான வாள்களையாவது விட்டுவிடுங்கள் என்று ஹோன்மா ஜுன்ஜி, ஸாத்தோ கன்இச்சி போன்ற அறிஞர்கள் மன்றாடி அனுமதி பெற்றார்கள். அதன் தொடர்ச்சியாக 1948இல் அமைந்ததுதான் இந்தச் சங்கம்.

சங்கம் தரும் படிநிலைகள் கீழிருந்து மேலாக: ஹொஸோன், தொகுபெத்ஸு ஹொஸோன், ஜூயோ, தொகுபெத்ஸு ஜூயோ. முதல் வாளுக்கு ஹொஸோன் போதும். போலிப் பெயர் உள்ள வாளுக்கு ஹொஸோன்கூடக் கிடைக்காது, அதனால்தான் அந்தத் தாளுக்கு மதிப்பு. 1982க்கு முன்பு இருந்த கிச்சோ, தொகுபெத்ஸு கிச்சோ தாள்களும் சந்தையில் சுற்றுகின்றன. அவற்றில் சில, பெரிய பெயர்கள் விஷயத்தில் நம்பத்தக்கவை அல்ல. பழைய தாளோடு பெரிய பெயர் வந்து, மலிவாகவும் இருந்தால், புதிய தாளுக்கு ஏன் அனுப்பவில்லை என்று கேளுங்கள். பெரும்பாலும் அனுப்பித் திரும்பி வந்திருக்கும்.

ஹாமோன் என்கிறார்களே, அது என்ன?

வாயை ஒட்டி அலையலையாக ஓடும் வெண்மையான வரி. அடித்து முடித்த அலகின்மேல் கொல்லர் களிமண் பூசுவார். வாய்ப் பக்கம் மெல்லிசாக, முதுகுப் பக்கம் தடிமனாக. பிறகு உலையில் சிவக்கச் சூடேற்றித் தண்ணீரில் முக்குவார். நம் ஊர்க் கொல்லர்கள் அரிவாளுக்குத் துவைச்சல் போடுவது போலத்தான். மெல்லிய பூச்சுள்ள வாய் சட்டென்று குளிர்ந்து கெட்டிப்படும், முதுகு மெதுவாகக் குளிர்ந்து இளக்கமாக இருக்கும். இரண்டும் சந்திக்கும் எல்லைதான் ஹாமோன்.

வாளை விளக்கை நோக்கிச் சாய்த்துப் பிடித்தால் அந்த எல்லையில் பனிமூட்டம் போன்ற ஒளி தெரியும், அது நியோய். தனித்தனிப் புள்ளிகளாக மின்னினால் நிஎ. சீனாவில் செய்த போலிகளில் அமிலம் தடவியோ கம்பித் தூரிகையால் தேய்த்தோ வரி மட்டும் போட்டிருப்பார்கள். எப்படிச் சாய்த்தாலும் அது ஒரே மாதிரி சுவரில் அடித்த சுண்ணாம்பாகத் தெரியும். உள்ளுக்குள் ஒன்றும் நடக்காது.

எந்தக் குறையை மன்னிக்கலாம், எதை மன்னிக்கவே கூடாது?

தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. இது காசு கொடுத்து வாங்கும் மாடு, நன்றாகப் பிடித்துப் பாருங்கள்.

மன்னிக்கவே கூடாதது ஹாகிரே: வாயிலிருந்து முதுகை நோக்கிக் குறுக்காக ஓடும் முடியிழை விரிசல். கெட்டியான பகுதியிலேயே விரிந்திருப்பதால், ஆயுதமாக அந்த வாளின் கதை முடிந்துவிட்டது. எண்ணெய் பூசியிருந்தால் கண்ணுக்கே படாது. நான் வாங்கிய முதல் வாளில் இருந்தது இதுதான். இணைய ஏலம், பதினான்கு படங்கள். முனையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் இருந்த அந்த இடம் மட்டும் ஒவ்வொரு படத்திலும் வெளிச்சத்தில் வெளிறிப் போயிருந்தது. அப்போது அதைத் தற்செயல் என்று நினைத்துக்கொண்டேன். வாளைப் பிறகு ஒரு கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் பெரியவர் விளக்கடியில் இரண்டு நொடி பார்த்தார், ஒன்றும் பேசாமல் உறையில் போட்டு என் பக்கமாகத் தள்ளினார், தேநீர் ஊற்றிக் கொடுத்தார். ஜப்பானில் தேநீர் வந்தால் செய்தி கெட்டது என்று அன்றைக்குப் புரிந்தது.

அடுத்து, முனையில் ஹாமோன் இருக்க வேண்டும். அதற்குப் போஷி என்று பெயர். முனை ஒடிந்து, மறுபடி தீட்டி வடிவாக்கியிருந்தால் ஹாமோன் விளிம்பைத் தாண்டி வெளியே ஓடிக் காணாமல் போயிருக்கும். முனையைப் படம் எடுத்துப் போடாத விற்பனையாளரிடம் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

மூன்றாவது, தீயில் பட்டு மறுபடி துவைச்சல் போட்ட வாள், ஸாய்ஹா என்பார்கள். 1615இல் ஒஸாக்கா கோட்டை வீழ்ந்தபோது எரிந்த புகழ்பெற்ற வாள்களை யாசுத்சுகு என்ற கொல்லர் மீட்டுப் புதிதாகத் துவைச்சல் போட்டார். அந்த மாதிரி வாளுக்கு வரலாற்று மதிப்பு உண்டு, உங்கள் பட்ஜெட்டில் வருவதற்கு இல்லை.

மன்னிக்கக்கூடியவை: மடிப்பு சரியாக ஒட்டாமல் நீளவாக்கில் தெரியும் சிறு திறப்பு, ஓரிரு சிறு கொப்புளம், மெருகு தேய்ந்த இடம், முதுகில் சிறு வெட்டு. நூற்றாண்டுகள் கடந்த வாளுக்கு இவை வயதான உடம்பின் சுருக்கங்கள். ஆனால் அலகு நெடுகத் திட்டுத் திட்டாக உள்ளிரும்பு வெளியே தெரிந்தால், மெருகிட்டு மெருகிட்டு அதன் தோல் தேய்ந்துவிட்டது என்று பொருள். இன்னொரு மெருகைத் தாங்காது.

தாத்தா பர்மா போரிலிருந்து கொண்டுவந்த வாள் வீட்டில் இருக்கிறது. மதிப்பு உண்டா?

பர்மாவிலும் மலாயாவிலும் சரணடைந்த ஜப்பானியர்களின் வாள்கள் பிரிட்டிஷ் இந்தியப் படையினர் கைக்கு வந்தன என்பது உண்மை. பெரும்பாலானவை போர்க்காலத்தில் தொழிற்சாலை வேகத்தில் செய்தவை. அலகில் வரிசை எண் பொறித்து, பிடி முழுக்க உலோக வார்ப்பாக இருந்தால் அது ஹவில்தார் போன்ற, அதிகாரி அந்தஸ்து இல்லாத படைத்தலைவர்களுக்கான 95ஆம் வகை. அலகு இயந்திரத் தயாரிப்பு. காம்பில் சிறு முத்திரை குத்தியிருந்தால், பெரும்பாலும் மரபு முறையில் செய்யாத வாளாக இருக்கும், எல்லா முத்திரைக்கும் அப்படியல்ல. போர் நினைவுப்பொருளாக மதிப்பு உண்டு, கலைவாளாக இல்லை.

ஆனால் அவசரப்பட்டு விற்காதீர்கள். அதிகாரிகள் சிலர் தங்கள் குடும்பத்து வாளை ராணுவப் பிடியில் மாட்டிக்கொண்டு போருக்குப் போனார்கள். ராணுவ உறைக்குள் நானூறு வயது அலகு இருப்பதும் நடந்திருக்கிறது. மறுபடியும் அதே விடைதான்: ஆணியைத் தட்டி, காம்பைப் பாருங்கள்.

மெருகு போனதை மலிவாக வாங்கி மெருகிட்டுக்கொண்டால் என்ன?

கணக்கு உதைக்கும். மெருகாளர் பல ஆண்டு பயின்றவர். கல் மேல் கல்லாக மாற்றி, கடைசியில் விரல்நுனியில் வைத்துத் தேய்க்கும் மெல்லிய கல்வரை வருவார். ஒரு கத்தானாவுக்கு இரண்டு மூன்று லட்சம் யென்னும் அதற்கு மேலும் ஆகும், மாதக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். சாதாரண வாளுக்கு மெருகுச் செலவு வாளின் விலையையே தாண்டிவிடும். சாணை பிடிப்பவரிடம் கொடுத்தால்? வாளைக் குப்பையில் போடுவதும் அதுவும் ஒன்று.

உறையும் பிடியும் அழகாக இருக்கிறதே, அதற்கு விலை தரலாமா?

தரலாம், ஆனால் தனியாகக் கணக்குப் போட்டுத் தர வேண்டும். ஷிராஸாயா என்பது மெருகில்லாத ஹோனோகி மர உறை; வாள் ஓய்வெடுக்கும் இடம். கோஷிராயே என்பது கைக்காப்பு, திருக்கை மீன் தோல் போர்த்திய பிடி, அரக்குப் பூசிய உறை எல்லாம் சேர்ந்த அலங்கார உடுப்பு. இந்த உடுப்பு எத்தனையோ முறை மாறியிருக்கும். பழைய உதிரிகளைச் சேர்த்துப் போன மாதம் கட்டிய உடுப்பும் உண்டு.

வாளைக் கையில் வாங்கிப் பார்க்கும் முறை?

கடையில் உங்களை மதிப்பது இதை வைத்துத்தான். மோதிரம், கைக்கடிகாரம் கழற்றுங்கள். லேசாகத் தலைவணங்குங்கள். வாய் மேலே இருக்க, முதுகு உறையில் உரசியபடி ஒரே போக்கில் உருவுங்கள். இரும்பில் விரல் படக் கூடாது. விரல்ரேகை அப்படியே துருவாகும். வாளை முகத்தருகே வைத்துக்கொண்டு பேசவும் கூடாது, எச்சில் தெறிக்கும். கூர் பார்க்கிறேன் என்று கட்டைவிரலைக் கொண்டுபோனால் அடுத்த வாள் உங்கள் முன் வராது.

வாங்குவதற்கு முன் எங்கே பார்த்துப் பழகலாம்?

டோக்கியோவில் சங்கத்தின் வாள் அருங்காட்சியகம் 2018 முதல் ரியோகோகுவில் இருக்கிறது. ஊஎனோவில் உள்ள தேசிய அருங்காட்சியகத்திலும் எப்போதும் சில வாள்கள் இருக்கும். கண்ணாடிக்கு முன் முழங்காலை மடக்கி, விளக்கின் பிரதிபலிப்பு ஹாமோன்மேல் விழும்வரை தலையை ஏற்றி இறக்குங்கள். பக்கத்தில் இருப்பவரும் அதையேதான் செய்துகொண்டிருப்பார், வெட்கம் வேண்டாம். ஓகாயாமாவில் ஓஸாஃபுனே, கிஃபுவில் ஸெக்கி ஆகிய ஊர்களும் பழைய கொல்லர் ஊர்கள். போனால் உலைக்களம் பார்க்கலாம். இலையுதிர் காலத்தில் டோக்கியோவில் நடக்கும் பெரிய வாள் சந்தைக்குப் போனால் கடைகள் எல்லாம் ஒரே கூரையின்கீழ் கிடைக்கும். முதல் முறை போகும்போது பணப்பையை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

ஜப்பானில் சட்டம் என்ன சொல்கிறது?

15 செ.மீ.க்கு மேல் அலகுள்ள ஒவ்வொரு வாளுக்கும் தோரோகுஷோ வேண்டும். பதிவு வாளுக்குத்தான், ஆளுக்கு அல்ல. அதனால் இங்கே வசிக்கும் வெளிநாட்டவரும் வாங்கலாம். வாங்கிய 20 நாளுக்குள் அட்டை வழங்கிய மாகாணக் கல்விக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். தொழிற்சாலையில் செய்த போர்க்கால வாளுக்குப் பதிவு கிடைக்காது. ஜப்பானுக்குள் அதை வைத்திருக்கவே முடியாது. எனவே தாத்தாவின் 95ஆம் வகையை மதிப்பிடச் சொல்லி டோக்கியோவுக்கு அனுப்பாதீர்கள், திரும்பி வராது.

வெளிநாட்டுக்கு எடுத்துப்போக, கலாச்சார முகமையின் ஏற்றுமதிச் சான்று வேண்டும். கடைக்காரரே வாங்கித் தருவார். சில வாரங்கள் ஆகும், பதிவு அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். தேசியப் பொக்கிஷம், முக்கியக் கலாச்சாரச் சொத்து என்று அறிவிக்கப்பட்டவை வெளியே போகாது.

இந்தியாவுக்குக் கொண்டுவரலாமா?

ஆயுதச் சட்டம் 1959இன்படி வாளும் ஆயுதமே. உரிமம் இல்லாமல் நாட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. பழம்பொருள் என்று விமான நிலையத்தில் வாதாடிப் பயனில்லை. உரிமத்துக்கு வழி செய்துவிட்டுப் பிறகு வாளைத் தேடுங்கள். பிரிட்டனில் 50 செ.மீ.க்கு மேற்பட்ட வளைந்த வாளுக்கு 2008 முதல் தடை உண்டு. 1954க்கு முன் செய்ததற்கும் மரபு முறையில் கையால் அடித்ததற்கும் விலக்கு இருக்கிறது. அங்கே வாங்குபவர்கள் அதற்கான தாள்களைப் பத்திரப்படுத்துங்கள்.

இதை வைத்து எதையாவது வெட்டிப் பார்க்கலாமா?

கூடாது.

முதலீடாக வாங்கலாமா?

வாங்கிய கடைக்கே திருப்பி விற்றாலும் கணிசமாகக் குறைத்துத்தான் எடுப்பார்கள். நிலமோ நகையோ வாங்குங்கள்.

வீட்டில் எப்படிப் பராமரிப்பது?

படுக்கைவாட்டில், வாய் மேல்நோக்கி, மர உறையில். சில மாதங்களுக்கு ஒருமுறை பழைய எண்ணெயை மென்மையான துணியால் துடைத்துவிட்டு, கிராம்பு மணக்கும் சோஜி எண்ணெயை மிக மெல்லிசாகப் பூச வேண்டும். சென்னை, சிங்கப்பூர் புழுக்கத்தில் இன்னும் அடிக்கடி பாருங்கள். எண்ணெய் வழிந்தால் உறை மரம் குடித்துக்கொள்ளும், அதனால் அளவோடு. திரைப்படங்களில் பஞ்சுருண்டையால் தட்டுவார்களே, அந்த உச்சிகோ பொடியை நான் பயன்படுத்துவதில்லை. அது கல்பொடி, தரம் குறைந்ததாக இருந்தால் நல்ல மெருகில் நுண்ணிய கீறல் விழும்.

வேறு ஏதாவது வாங்க வேண்டுமா?

ஒரு மேசை விளக்கு. குழல் விளக்கு வெளிச்சம் பரவிவிடும், அதில் ஒன்றும் தெரியாது. மேல்மறைப்பு இல்லாத ஒற்றைக் குண்டு பல்பு வேண்டும். அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, வாள்முனையைப் பல்புக்குச் சற்றுக் கீழே நீட்டி மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். முதல் வாரம் வெறும் வெள்ளைக் கோடு தெரியும். என் வகிஸாஷியில் நிஎ என்பது எது என்று எனக்குப் பிடிபட மூன்று மாதம் ஆனது.